அரசியல் சாசனத்துக்கும் படம் போட்டார். ஒண்ணாங்கிளாஸ் புத்தகத்துக்கும் படம் போட்டார்! யார் இந்த நந்தலால் போஸ்?

ஒண்ணாம் வகுப்பு படிக்கும் குழந்தையிடம் ஒரு பேப்பரையும் பென்சிலையும் கொடுத்து, ஏதாவது படம் வரை கண்ணு என்று சொல்லிப் பாருங்கள். பத்தில் எட்டு குழந்தைகள் வரைவது என்னவாக இருக்கும்? ரெண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். அவ்வளவுதான்.

திருப்பூர் மாவட்டம் குன்னத்தூரிலும் இதே படம்தான். ஊத்துக்குளி வட்டத்தில், கோபி போகும் ரோட்டில் இருக்கும் பேரூராட்சி இது. இங்கே இருக்கும் குழந்தை தினமும் பார்ப்பது வேப்ப மரம், வெள்ளாடு, விடிகாலையில் ஆள் ஏற்ற வரும் பனியன் கம்பெனி வேன், அம்மா ஓட்டும் ஓவர்லாக் மெஷின். இதில் ஒன்றுகூட நோட்டில் வராது. ரெண்டு மலையும் நடுவில் சூரியனும்தான் வரும்.

காரணம் சிம்பிள். யாரோ ஒருவர் போர்டில் அந்தப் படத்தைப் போட்டு, இதைப் பார்த்து வரை என்று சொல்லியிருக்கிறார். குழந்தை கண்ணால் பார்த்ததை வரையவில்லை, போர்டில் இருந்ததை வரைந்திருக்கிறது.

இந்த 'பார்த்து வரை' பழக்கத்துக்கு நேர் எதிரான பாதையில் வாழ்நாள் முழுக்க நடந்த ஒரு வாத்தியார் இருந்தார். பெயர் நந்தலால் போஸ். இந்திய அரசியல் சாசனத்தின் கையெழுத்துப் பிரதியை ஓவியங்களால் அலங்கரித்தவர் என்று பொது அறிவுப் புத்தகங்களில் ஒரு வரியில் படித்திருப்போம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் கதை இது.

பொம்மை செய்யும் அம்மா, பானை செய்யும் தெரு

1882 டிசம்பர் 3. இன்றைய பீகார் மாநிலத்தின் முங்கேர் மாவட்டத்தில் இருக்கும் ஹவேலி கரக்பூர் என்ற சின்ன ஊரில் பிறந்தார் நந்தலால். குடும்பம் வங்காளக் குடும்பம். அப்பா பூர்ண சந்திர போஸ், தர்பங்கா சமஸ்தானத்தில் வேலை பார்த்தவர். அம்மா க்ஷேத்ரமணி தேவி, கைவேலையில் கெட்டிக்காரர். குழந்தைகளுக்கு வேண்டிய பொம்மைகளைத் தன் கையாலேயே செய்து கொடுப்பார்.

சின்னப் பையனாக இருந்தபோது நந்தலாலுக்கு ஓவிய வாத்தியார் என்று தனியாக யாரும் கிடையாது. மண் பிசையும் குயவர்களும், துர்கா பூஜைக்குச் சிலை செய்யும் கைவினைஞர்களும்தான் வாத்தியார்கள். அவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து, தானும் மண்ணில் உருவம் பிடித்துப் பழகினார். ஊர்த் திருவிழாவும் தெருவும்தான் அவருடைய முதல் வகுப்பறை. பிற்காலத்தில் அவர் பாடம் சொல்லிக் கொடுத்த விதத்துக்கு இங்கேதான் விதை விழுந்தது.

ஃபெயில் ஆன மாணவன்

பள்ளிப் படிப்புக்காகக் கொல்கத்தா வந்தார். பள்ளியை முடித்துக் கல்லூரிக்குப் போனார். அங்கேதான் வண்டி நின்றது. பரீட்சையில் தேறவில்லை. கல்லூரி மாறியும் ஒன்றும் நடக்கவில்லை. குடும்பத்தின் ஆசைப்படி வணிகவியல் படிக்கச் சேர்ந்தார். அதிலும் மனசு ஒட்டவில்லை. பாடப் புத்தகத்தின் ஓரங்களில் படங்கள் மட்டும் நிறைந்துகொண்டே போயின.

நம்ம ஊர் கணக்குப்படி பார்த்தால் இவர் 'தேறாத கேஸ்'. படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்ற கேள்வி அன்றைக்கும் இருந்தது. ஆனால் வீட்டில் ஒருவழியாகப் பேசிச் சம்மதம் வாங்கி, 1905 வாக்கில் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். அதற்குள் அவருக்குச் சுதீரா தேவியோடு கல்யாணமும் ஆகியிருந்தது.

அந்தப் பள்ளியில் அப்போது ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. அதன் தலைவராக இருந்த ஆங்கிலேயர் ஈ.பி. ஹாவெல், அதற்கு முன் சென்னை ஓவியப் பள்ளியில் சுமார் 10 ஆண்டுகள் பொறுப்பில் இருந்தவர். தென்னிந்தியாவின் நெசவையும் கைத்தொழிலையும் நேரில் பார்த்தவர். ஐரோப்பியச் சிலைகளின் அச்சுகளை வைத்துக் காப்பி அடிக்கச் சொல்லும் முறை இந்திய மாணவர்களுக்குச் சரிவராது என்று வாதாடியவர். அவரோடு சேர்ந்து நின்றவர் ரவீந்திரநாத் தாகூரின் உறவினரான அபனீந்திரநாத் தாகூர். நந்தலாலின் குருநாதர் அவர்தான்.

அஜந்தா கொடுத்த கண்

படிப்பு முடியும் சமயத்தில் நந்தலாலுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. அஜந்தா குகை ஓவியங்களைப் பிரதி எடுக்க லேடி ஹெரிங்ஹாம் என்ற ஆங்கிலேய ஓவியர் இந்தியா வந்திருந்தார். அந்தக் குழுவில் இளம் இந்திய ஓவியர்களையும் சேர்க்க வேண்டும் என்று முனைப்பாக இருந்தவர் சகோதரி நிவேதிதா. 1909 குளிர்காலத்தில் நந்தலால் அஜந்தா போனார்.

குகைச் சுவரில் இருந்த கோடுகளை மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். ஒரு விரல் மடங்குவதற்கு எத்தனை கோடு போதும்? யானையின் எடையை ஒரே வளைவில் எப்படிக் காட்டுவது? பல நூறு வருஷத்துக்கு முந்தைய பெயர் தெரியாத ஓவியர்கள் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் அஜந்தாவையே வாழ்நாள் முழுக்கக் காப்பி அடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்துவிடவில்லை. அங்கே கற்ற கண்ணை வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பி, கண் முன்னால் இருந்த மாட்டையும் மரத்தையும் வரைந்தார்.

சாந்திநிகேதனில் நடந்தது என்ன?

1901-ல் ரவீந்திரநாத் தாகூர் விரல் விட்டு எண்ணக்கூடிய சில மாணவர்களோடு சாந்திநிகேதனில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மரத்தடி வகுப்புக்குப் பெயர் போன பள்ளி அது. 1919-ல் அதே வளாகத்தில் கலா பவன் என்ற ஓவியப் பள்ளி வந்தது. 1922-ல் அதன் பொறுப்பை ஏற்ற நந்தலால், 1951-ல் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். கிட்டத்தட்ட 30 வருஷம். எல்லாரும் அவரைக் கூப்பிட்டது 'மாஸ்டர் மொஷாய்' என்று. நம்ம ஊர் பாஷையில் வாத்தியாரய்யா.

அவர் பாடம் எடுத்த முறையைச் சில பாயின்டுகளில் சொல்லலாம்.

முதலாவது, வெளியே போ, பார். மாணவர்கள் வயல், பொட்டல், சந்தாலிப் பழங்குடியினரின் கிராமம் என்று சுற்றினார்கள். அவரும் கூடவே நடந்தார். ஒரு மரத்தை வரைவதற்கு முன் அந்த மரத்தோடு பழக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இரண்டாவது, கையில் என்ன இருக்கிறதோ அதுவே போதும். வெளிநாட்டுப் பெயின்ட் கிடைக்காவிட்டால் மண், கல், செடி ஆகியவற்றில் இருந்து கிடைக்கும் நிறங்கள் இருக்கின்றனவே? சாந்திநிகேதன் கட்டடச் சுவர்களில் அவரும் மாணவர்களும் சேர்ந்து ஓவியம் தீட்டினார்கள். 'காலோ பாரி' என்ற கறுப்பு வீடு முழுக்க மண்ணால் செய்த புடைப்புச் சிற்பங்கள். பல கைகள் சேர்ந்து செய்த வேலை அது.

மூன்றாவது, வீட்டு வாசல் கலையும் கலைதான். வங்காளத்துப் பெண்கள் பூஜைக்கும் விரதத்துக்கும் தரையில் போடும் அல்போனா, நம்ம கோலத்துக்குச் சொந்தக்காரி. அதைச் சாந்திநிகேதனில் பாடமாகவே ஆக்கினார்கள். நந்தலாலின் மகள் கௌரி பாஞ்சா அதில் பெயர் பெற்ற ஆசிரியரானார்.

நான்காவது, போஸ்ட்கார்டு. சின்னச் சின்னக் கார்டுகளில் தினமும் வரைவது நந்தலாலின் பழக்கம். மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் கடிதம் எழுதினால் வார்த்தையோடு ஒரு ஆடு, ஒரு பூ, ஒரு கிழவர் என்று ஏதாவது சேர்ந்துவிடும்.

உலகத்தின் இன்னொரு மூலையிலும் இதே மாதிரி ஒரு முயற்சி நடந்தது. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் ஃபிரான்ஸ் சிசெக் என்பவர் 1897-லேயே குழந்தைகளுக்கென்று ஓவிய வகுப்பு ஆரம்பித்தார். பெரியவர்களின் படத்தைக் காப்பி அடிக்க வைக்காமல், குழந்தையை அதன் போக்கில் வரைய விட்டவர் அவர். குழந்தையின் ஓவியம் என்பது பெரியவர் ஓவியத்தின் அரைகுறை வடிவம் இல்லை, அதற்கென்று தனி மொழி இருக்கிறது என்ற எண்ணம் அந்தக் காலத்தில் பல நாடுகளில் பரவிக்கொண்டிருந்தது.

ஒரு எழுத்து, ஒரு படம்

1930-ல் ஒரு சின்னப் புத்தகம் வெளியானது. பெயர் 'சஹஜ் பாட்'. எளிய பாடம் என்று அர்த்தம். வங்காள எழுத்துகளைக் குழந்தைகளுக்குச் சொல்லித்தர தாகூர் எழுதிய அரிச்சுவடி. படங்கள் நந்தலால் போஸ்.

அந்தப் படங்களில் கலர் கிடையாது. லினோலியம் தகட்டைச் செதுக்கி மை தடவி அச்சடிக்கும் லினோகட் முறை. கறுப்பு, வெள்ளை ரெண்டே நிறம். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் குழந்தைக்குத் தெரிந்த ஊர் இருந்தது. அப்போது நந்தலாலுக்கு 47 வயது, நாடறிந்த ஓவியர். ஒண்ணாங்கிளாஸ் புத்தகம்தானே என்று ஏனோதானோவென்று செய்யவில்லை. பல தலைமுறை வங்காளக் குழந்தைகள் வாழ்க்கையில் முதன்முதலில் கையில் தொட்ட ஓவியம் இந்தப் புத்தகத்தில் இருந்ததுதான்.

அதே 1930-ல், அதே லினோகட் முறையில் அவர் செய்த இன்னொரு படத்தை நாம் எல்லாருமே பார்த்திருப்போம். கையில் தடியோடு நடக்கும் காந்தி. தண்டி யாத்திரையின் அடையாளமாகவே மாறிவிட்ட படம். குழந்தைக்கு எழுத்து சொல்லிக் கொடுத்த கறுப்பு வெள்ளைக் கோடுகள்தான் நாட்டுக்கும் காந்தியைக் காட்டின.

காங்கிரஸ் பந்தலில் ஒரு கண்காட்சி

1938-ல் குஜராத்தின் ஹரிபுராவில் காங்கிரஸ் மாநாடு. அங்கே வரும் கிராமத்து மக்கள் பார்ப்பதற்காக ஓவியங்கள் வேண்டும் என்று காந்தி நந்தலாலைக் கேட்டுக்கொண்டார். 80-க்கும் மேற்பட்ட படங்களை நந்தலால் வரைந்தார். மாணவர்களும் மற்றவர்களும் அவற்றைப் பிரதி எடுக்க, மொத்தம் சுமார் 400 படங்கள் பந்தலை நிறைத்தன. படங்களில் இருந்தது ராஜா ராணி இல்லை. உழவர், மேளம் அடிப்பவர், கைத்தொழில் செய்பவர், வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் என உழைக்கும் ஜனங்கள். மாநாட்டுக்கு வந்தவர்கள் சுவரில் தங்களையே பார்த்தார்கள்.

கதர் உற்பத்திக்குப் பெயர் போன திருப்பூருக்கு இந்தக் காலகட்டம் அந்நியமானது இல்லை. தறியும் ராட்டையும் ஓடிய வீடுகளைத்தான் நந்தலாலும் வரைந்துகொண்டிருந்தார்.

தயக்கமும் இருந்தது, திருத்தமும் இருந்தது

நந்தலால் குறையே இல்லாத ஆள் கிடையாது. பினோத் பிகாரி முகர்ஜி என்ற பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே கண் பார்வை ரொம்பக் குறைவு. ஒரு கண்ணில் சுத்தமாகத் தெரியாது. இவன் ஓவியம் படித்து என்ன செய்வான் என்ற தயக்கம் ஆரம்பத்தில் நந்தலாலுக்கே இருந்தது. தாகூர் விடச் சொன்னார். பையன் தொடர்ந்தான். பிறகு அதே கலா பவனில் ஆசிரியராகி, பெரிய சுவரோவியங்களைத் தீட்டினார் பினோத் பிகாரி. நடுவயதில் பார்வை முழுசாகப் போன பிறகும் கலையை விடவில்லை. அவரைப் பற்றி சத்யஜித் ராய் 1972-ல் ஒரு ஆவணப்படமே எடுத்தார். அந்த ராயும் 1940-களின் தொடக்கத்தில் நந்தலாலிடம் படித்தவர்தான்.

ராம்கிங்கர் பைஜ் இன்னொரு விதம். மாஸ்டருக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஆயில் கலரிலும், சிமென்ட் சிற்பத்திலும் இறங்கினார். ஆனாலும் அவருக்குக் கதவு சாத்தப்படவில்லை. சந்தாலிக் குடும்பம் ஒன்று மூட்டை முடிச்சோடு நடந்து போவதை அவர் 1938-ல் சிற்பமாக வடித்தது சாந்திநிகேதன் மண்ணில்தான்.

தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த கே.ஜி. சுப்பிரமணியன், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை போனார். 1944-ல் கலா பவனில் சேர்ந்து நந்தலாலின் மாணவரானார். பின்னாளில் பெரிய ஓவியர், ஆசிரியர், குழந்தைகளுக்குப் படப் புத்தகங்கள் செய்தவர். இன்னொரு மாணவர் தேவி பிரசாத். இவர் காந்தியின் சேவாகிராம் பள்ளிக்குப் போய், கிராமத்துக் குழந்தைகளுக்குப் பல வருஷம் ஓவியம் சொல்லிக் கொடுத்து, அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார்.

சாசனத்தில் மாமல்லபுரம்

நாடு விடுதலையானது. அரசியல் சாசனத்தின் கையெழுத்துப் பிரதி தயாரானது. அழகான எழுத்தில் ஆங்கிலப் பிரதியை எழுதியவர் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா. பக்கங்களுக்கு ஓவியம் தீட்டும் பொறுப்பு நந்தலாலுக்கு. அவர் தனியாகச் செய்யவில்லை, தன் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார். சிந்து சமவெளி முத்திரையில் தொடங்கி விடுதலைப் போராட்டம் வரை 22 படங்கள். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறைச் சிற்பமும், சோழர் காலச் செப்புத்திருமேனி மரபில் நடராஜரும் அதில் இருக்கிறார்கள். 1950 ஜனவரி 24 அன்று அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்கள் அந்தப் பிரதியில் கையெழுத்துப் போட்டார்கள்.

1954-ல் பத்ம விபூஷண் வந்தது. 1966 ஏப்ரல் 16 அன்று 83 வயதில் காலமானார் நந்தலால். 1976-ல் அவருடைய ஓவியங்கள் தேசியக் கலைப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டன. அதாவது, அவற்றை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோய் விற்க முடியாது. டெல்லியில் இருக்கும் தேசிய நவீன ஓவியக் கூடத்தில் மட்டும் அவருடைய படைப்புகள் சுமார் 7,000 இருக்கின்றன.

இப்போ இதை ஏன் பேசணும்?

நந்தலால் பள்ளிக்கூடத்தில் கலைக்கு என்ன இடம் என்பதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். அதன் சாரம் இதுதான். கலை பணக்காரர் சமாச்சாரம் இல்லை. ஒரு ஏழைச் சந்தாலி தன் மண் குடிசையை மெழுகி, இருக்கும் நாலு சட்டிப் பானையை ஒழுங்காக அடுக்கி வைக்கிறார். நல்ல கட்டடத்தில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவர் அறையையே குப்பையாக வைத்திருக்கிறார். இதில் அழகுணர்ச்சி யாரிடம் இருக்கிறது? படிப்பு என்பது அந்தக் கண்ணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டம் 2009, ஓவியத்துக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் எந்த வகுப்புகளுக்கு? 6 முதல் 8 வரை, அதுவும் 100 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கு. தமிழ்நாட்டில் 2012-ல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களும் இந்த வகுப்புகளுக்காக வந்தவர்கள்தான். 1 முதல் 5 வரை? கணக்கு, தமிழ், ஆங்கிலம் எடுக்கும் அதே டீச்சர்தான் ஓவியத்தையும் பார்க்கணும். எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு ஆடல், பாடல், படம், கைவேலை எல்லாம் சின்ன வகுப்புகளில் கூடியிருக்கின்றன. ஆனால் படம் என்பது பாடத்தை விளங்க வைக்கும் உதவியாக மட்டும் நின்றுவிட்டால், குழந்தை சொந்தமாக வரையும் நேரம் எங்கே?

குன்னத்தூர், பெருமாநல்லூர், திருப்பூர் பக்கம் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. பனியன் கம்பெனி வேலைக்கு பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கத்தில் இருந்து குடும்பத்தோடு வருகிறார்கள். அந்தக் குழந்தைகள் தமிழ் தெரியாமலேயே வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். டீச்சர் கேட்பது புரியாது, இவன் சொல்வது அவருக்குப் புரியாது. அமைதியாக இருக்கும் பையனை மந்தம் என்று முடிவு கட்டிவிடுவது ரொம்ப ஈஸி. ஆனால் அவன் கையில் ஒரு சாக்பீஸ் கிடைத்தால்? ஊரில் விட்டுட்டு வந்த வீட்டை, ஏறி வந்த ரயிலை, பாட்டியை வரைந்து காட்ட மொழி தேவையில்லை. பக்கத்தில் இருக்கும் நம்ம ஊர்க் குழந்தைக்கும் அது புரியும். பீகாரில் பிறந்து, வங்காளத்துக்குப் போய், பரீட்சையில் தேறாமல் நின்ற ஒரு பையனின் கதையை இங்கே நினைத்துக்கொள்வது பொருத்தம்தான்.

டீச்சரும் பெற்றோரும் என்ன செய்யலாம்?

செலவு அதிகம் ஆகாது. போர்டில் படம் போட்டுக் காப்பி அடிக்கச் சொல்வதற்குப் பதிலாக, பத்து நிமிஷம் வெளியே கூட்டிப்போய் ஒரு மரத்தை, ஒரு ஆட்டைப் பார்க்க விடலாம். உள்ளே வந்து வரையட்டும். ஆட்டுக்கு அஞ்சு கால் வந்தாலும் பரவாயில்லை. உடனே அழித்துத் திருத்த வேண்டாம், இது என்ன சாமி என்று கேளுங்கள். குழந்தை ஒரு கதையே சொல்லும்.

பொருளுக்கும் பஞ்சமில்லை. கம்பெனியில் மிச்சமாகும் கட்டிங் வேஸ்ட், நூல் சுற்றி வரும் காலி கோன், அட்டைப்பெட்டி, செம்மண், கரித்துண்டு, கோலப்பொடி. எல்லாமே ஊருக்குள் கிடைப்பவை. படம் வரையத் தெரியாத டீச்சரும் இதை நடத்தலாம். வரைந்து காட்டுவதைவிட, வரைவதைப் பொறுமையாகப் பார்ப்பதுதான் இந்த வயசுக்கு முக்கியம்.

நந்தலால் பள்ளிகளுக்குச் சொன்ன யோசனைகளில் ஒன்று இது: வருஷத்துக்கு ஒரு முறை கலை விழா வையுங்கள், ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் செய்த ஒரு பொருளைக் கொண்டுவரட்டும், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. பரிசுக்குத் தேர்ந்தெடுத்த நாலு பேரின் படம் மட்டும் இல்லை, எல்லாப் பிள்ளையும் செய்தது சுவரில் ஏற வேண்டும். சாந்திநிகேதனில் இன்றைக்கும் அவர் பிறந்தநாளை ஒட்டி டிசம்பர் 1, 2 தேதிகளில் 'நந்தன் மேளா' நடக்கிறது. மாணவர்கள் தாங்கள் செய்ததைக் கடை போட்டு விற்கிறார்கள், வரும் பணம் மாணவர் நலநிதிக்குப் போகிறது. ஒரு தொடக்கப் பள்ளியில் இதை நடத்த ஒரு வராண்டாவும், படங்களை மாட்ட ஒரு கயிறும், கொஞ்சம் துணி கிளிப்பும் இருந்தால் போதும்.